பிளந்த பெருந்தமனியும் குருதியோட்டப் படமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

இவ்விழாவில் எதைப் பற்றிப் பேசலாம் என்று கழகத்தாரை வினவியபோது, "கல்வியின் பெருமையைப் பேசப் பலர் இருக்கின்றனர், நீங்கள் கற்றதில் ஒரு துண்டை எடுத்து எங்கள் முன் வையுங்கள், அது போதும்" என்றார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் தெருப் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம் நடத்திவரும் ஒரு கழகம் அப்படித்தான் கேட்கும். ஆகவே கதிரியல் துறையில் நாம் நாள்தோறும் கையாளும் படங்களிலிருந்தே ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். பெருந்தமனியின் சுவர் பிளந்து, அதிலிருந்து உயிர் தப்பியவருக்கு, அந்தத் தமனி பின்னாளில் வீங்குமா வீங்காதா என்பதைக் குருதி ஓடும் விதத்தைப் படமெடுத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா? இதுவே பொருள். கேட்பதற்குப் பெரிய நகரத்து மருத்துவர்களின் கவலைபோல் தோன்றலாம். ஆனால் இக்கேள்விக்கு விடை கிடைக்காமையால் மிகுதியும் இழப்பவர் கைவேலை செய்து பிழைப்பவரே என்பது எம் துணிபு. அதனை உரையின் போக்கில் காட்டுவோம்.

இதயத்திலிருந்து புறப்படும் முதற்குழாய் பெருந்தமனி. மார்பில் மேலெழுந்து, கைத்தடியின் பிடிபோல் வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்கி, வயிற்றில் இரண்டாகக் கிளைக்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் குருதி அதன் வழியே செல்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் முறை அது விம்மித் தாழ்கிறது. அதன் சுவர் உள்ளுறை, நடுவுறை, வெளியுறை என மூன்று அடுக்குகளால் ஆனது. பல்லாண்டுகள் கவனிக்கப்படாத உயர் இரத்த அழுத்தத்தாலோ, பிறவியிலேயே சுவர் நலிந்திருப்பதாலோ, ஒருநாள் உள்ளுறையில் ஒரு கிழிசல் விழுகிறது. குருதி அக்கிழிசலின் வழியே புகுந்து, நடுவுறையைப் பலாச்சுளையின் தோலைப் பிரிப்பதுபோல் பிரித்துக்கொண்டு கீழே ஓடுகிறது. ஒரு குழாய் இரு குழாயாகிறது. இயற்கையாக இருந்ததை மெய்க்குழல் என்றும், பிளவினால் உண்டானதைப் பொய்க்குழல் என்றும் சொல்வோம். பொய்க்குழலின் வெளிச்சுவரில் எஞ்சியிருப்பது நடுவுறையின் ஒரு பகுதியும் வெளியுறையும் மட்டுமே என்பதை நினைவில் கொள்ளுங்கள். பின்னால் இது வேண்டும்.

அந்த நேரத்து வலி, பட்டவரால் மறக்க இயலாதது. நெஞ்சிலோ இரு தோள்பட்டைகளுக்கு நடுவிலோ திடீரென்று, தொடங்கும்போதே உச்சமாய், கிழிப்பதுபோல் எழும். நம் பக்கத்தில் இதனை வாயுப் பிடிப்பு என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்போர் உண்டு. மாரடைப்பு என்று எண்ணிக் குருதியை இளக்கும் மருந்து கொடுப்பது அதனினும் தீங்காய் முடியலாம். இரு கைகளிலும் இரத்த அழுத்தத்தை அளந்து, ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகிறதா என்று பார்த்தால், சிலருக்கு அப்போதே ஐயம் எழும். பிளவு மேலெழும் பகுதியில் இருந்தால் அது உடனடி அறுவைக்குரியது. அறுவையின்றி விட்டால் முதல் 48 மணி நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் நூற்றுக்கு ஒருவர் இருவர் என மடிவர் என்பது நெடுநாளையக் கணக்கு. இறங்கு பகுதியில் மட்டும் இருந்தால், வேறு சிக்கல் இல்லாதவரை, மருந்தினால் அழுத்தத்தைத் தாழ்த்திக் காப்பதே வழக்கம்.

இந்நோய் மன்னரையும் விட்டதில்லை. இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் 1760-ஆம் ஆண்டு ஒரு காலை வேளையில் திடீரென மாண்டார். உடலைத் திறந்து பார்த்த மருத்துவர் ஃபிராங்க் நிக்கல்ஸ் பெருந்தமனியில் கிழிசலையும், இதய உறைக்குள் தேங்கிய குருதியையும் கண்டு எழுதி வைத்தார். அதன்பின் இரு நூற்றாண்டுகள் மருத்துவர்கள் இதற்குப் பெயரிட்டார்கள், விவரித்தார்கள், குணப்படுத்த முடியவில்லை. 1955-இல்தான் அமெரிக்காவின் மைக்கேல் டிபேக்கியும் அவர் குழுவினரும் இதற்குரிய அறுவையைச் செய்து வெளியிட்டனர். அதே டிபேக்கிக்கே 2005 டிசம்பரில், 97-ஆம் வயதில், பெருந்தமனி பிளந்தது. தாம் வகுத்த அறுவை முறையினால் 2006-இல் பிழைத்து, 2008 வரை வாழ்ந்தார்.

மருந்தினால் காக்கும் முறைக்கும் ஒரு கதை உண்டு. அதில் நம் நாட்டுக்கும் பங்கிருப்பதால் சற்று நின்று சொல்கிறோம். 1965-இல் மைரன் வீட் என்பவர் அறுவையின்றி அழுத்தத்தைத் தாழ்த்தும் மருந்துகளால் மட்டுமே சிலரைக் காப்பாற்றியதை வெளியிட்டார். அம்மருந்துகளுள் ஒன்று ரிசர்ப்பின். அது சர்ப்பகந்தா என்னும் நம் நாட்டு மூலிகையின் வேரிலிருந்து பிரித்தெடுத்தது. அவ்வேர் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும் என்பதை 1949-இல் இங்கிலாந்தின் இதய மருத்துவ இதழில் எழுதி உலகின் பார்வைக்குக் கொண்டுசென்றவர் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். வீட்டும் அவருடன் இருந்தோரும் 1970-இல் இன்னொன்றையும் காட்டினர். நெகிழிக் குழாயின் உட்புறத்தில் செயற்கையாக ஒரு பிளவை அமைத்து நீரைச் செலுத்தினார்கள். ஓட்டம் சீராக இருந்தவரை, அழுத்தம் உயர்ந்திருந்தும், பிளவு நீளவில்லை. இதயம்போல் விட்டுவிட்டு உந்தியபோது பிளவு விரைந்து நீண்டது. மின்னேற்றி போட்டுக் கிணற்று நீரை இறைக்கும் ஊர்க்காரர்களாகிய நமக்கு இது விளங்காத செய்தியன்று. குழாயின் இணைப்பைப் பிரிப்பது ஓடிக்கொண்டிருக்கும் நீரைக் காட்டிலும் மோட்டார் போடும்போதும் நிறுத்தும்போதும் விழும் அடிதான். எனவேதான் இன்றும் இந்நோயாளிக்கு அழுத்தத்தோடு நாடித் துடிப்பையும் தணிக்கும் மருந்து முதலில் தரப்படுகிறது.

இனி நம் பொருளுக்கு வருவோம். நோயாளி பிழைத்தார், வீடு திரும்பினார். ஆனால் பொய்க்குழல் பெரும்பாலோர்க்கு மறைந்துவிடுவதில்லை. மேற்பகுதிக்கு அறுவை செய்துகொண்டவர்களிலும் பலருக்கு, கீழிறங்கும் பகுதியில் பிளவு அப்படியே எஞ்சி நிற்கிறது. அதன் மெல்லிய வெளிச்சுவர் ஆண்டுதோறும் சில மில்லிமீட்டர் விரியலாம், விரியாமலும் இருக்கலாம். விரிந்தால் ஆபத்து பெருக்கல் வாய்பாட்டில் ஏறும். பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் வகுத்த விதியைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அறிவார்கள்: சுவரின் இழுவிசை, உள்ளே உள்ள அழுத்தத்தோடும் குழாயின் ஆரத்தோடும் உயர்கிறது. சுவர் மெலிய மெலிய, அவ்விழுவிசையை ஏற்கும் தடிப்பும் குறைகிறது. இயல்பாக ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள இறங்கு தமனி ஐந்தரை, ஆறு சென்டிமீட்டராகும்போது வெடிக்கும் அச்சம் மிகுதி என்பதால், அந்த அளவை ஒட்டியே அறுவை பற்றி முடிவு செய்கின்றனர்.

இங்கேதான் இடர்ப்பாடு. அளவு பெரிதாயிற்று என்று படம் சொல்லும்போது, பெரிதாகிவிட்டது; அவ்வளவே. மேலும், இரு சி.டி. படங்களை ஒப்பிட்டு அளக்கையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு அளப்பவர் கையினாலேயே வரக்கூடும். ஓராண்டு வளர்ச்சியும் அவ்வளவே என்றால், வளர்ந்ததா, அளவுப் பிசகா என்று எப்படிச் சொல்வது? ஆகவே முதற் படத்திலேயே ஏதேனும் குறி தென்படுகிறதா என்று பலர் தேடினர். தொடக்கத்திலேயே தமனி 4 சென்டிமீட்டருக்கு மேல் இருத்தல், பொய்க்குழல் 22 மில்லிமீட்டருக்கு மேல் இருத்தல், நுழைவாய்க் கிழிசல் 10 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருத்தல் ஆகியன பின்னாளைய வீக்கத்தோடு தொடர்புடையன எனக் கண்டனர். இவை பயனுள்ள குறிகளே. ஆயினும் ஒரே அளவுள்ள இருவரில் ஒருவருக்கு வீங்குவதும் மற்றவருக்கு வீங்காததும் ஏன் என்பதற்கு அவை விடை தரவில்லை.

2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பலரையும் திகைக்க வைத்தது. பல நாட்டு மருத்துவமனைகள் 1996 முதல் சேர்ந்து நடத்தும் பெருந்தமனிப் பிளவுப் பதிவேட்டிலிருந்து, இறங்கு பகுதிப் பிளவோடு பிழைத்துச் சென்ற 201 பேரை எடுத்துக்கொண்டனர். பொய்க்குழலில் குருதி முழுவதும் உறைந்துவிட்டால் நல்லது, திறந்தே இருந்தால் தீது, பாதி உறைந்தால் இடைப்பட்டது என்றே எவரும் எண்ணுவர். மூன்றாண்டுக்குள் இறந்தோர் திறந்திருந்தவர்களில் 13.7 விழுக்காடு, பாதி உறைந்தவர்களிலோ 31.6 விழுக்காடு. பாதி மருந்து பாதி நோய் என்று ஆறுதல் கொள்ள இடமின்றிப் போயிற்று.

காரணத்தை நம் ஊர்க் குளத்தைக் கொண்டு விளக்கலாம். 2024 ஆகஸ்டு 17-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் பவானி ஆற்று நீர் ஆறு நீரேற்று நிலையங்களால் உந்தப்பட்டு 1,045 குளங்குட்டைகளுக்குச் செல்லுமாறு அமைக்கப்பட்டது. அவ்வாறில் ஒன்று நம் அன்னூரில் உள்ளது. நீர் வரும் வாய் அகன்றும், போகும் கலிங்கு தூர்ந்தும் உள்ள ஒரு குளத்தை எண்ணிப் பாருங்கள். கலிங்கு திறந்திருந்தால் வந்த நீர் வழிந்து போகும். வாயையே அடைத்துவிட்டால் குளம் வற்றும். வாய் திறந்து கலிங்கு மட்டும் தூர்ந்தால் கரைதான் தாங்க வேண்டும். பொய்க்குழலின் அடிப்பகுதியில் உறையும் குருதி, வெளியேறும் துளைகளைத் தூர்த்துவிடுகிறது. மேலே நுழைவாய் திறந்தே நிற்கிறது. இதயம் ஓய்வெடுக்கும் அரை நொடியிலும் பொய்க்குழலின் அழுத்தம் தணிவதில்லை. 2008-இல் ஆய்வுக்கூடத்தில் மாதிரிக் குழாய்களை அமைத்துப் பார்த்தபோதும், வெளிவாய் சிறுத்தால் பொய்க்குழலில் ஓய்வுநேர அழுத்தம் உயர்வதையே கண்டனர்.

ஆக, எவ்வளவு பெரிது என்று கேட்டால் மட்டும் போதாது. எப்படி ஓடுகிறது என்றும் கேட்க வேண்டும். குளத்தின் பரப்பை அளப்பவர் ஒருவர். வாயிலும் கலிங்கிலும் நீர் எவ்வளவு போகிறது என்று நின்று பார்ப்பவர் இன்னொருவர். கரை எப்போது உடையும் என்பதைப் பின்னவரே முன்னறிவார்.

உடலுக்குள் நின்று பார்ப்பது எங்ஙனம்? இதற்கு வழி வகுத்த முதல் அடிகளுள் ஒன்று பெங்களூரில் வைக்கப்பட்டது. இவ்வூர் வழியே செல்லும் சத்தி சாலை எந்நகரத்தை அடைகிறதோ அதே பெங்களூர்தான். அங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூரியன் என்னும் இயற்பியலார் 1951-இல், காந்தப் புலத்தினூடே ஒரு குழாயில் நீரை ஓடவிட்டு, அந்நீரின் அணுக்கருக்கள் தரும் சைகை ஓட்டத்தின் வேகத்துக்கேற்ப மாறுவதைக் கண்டு வெளியிட்டார். அணுக்கரு ஒத்ததிர்வு கண்டறியப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. எம்.ஆர்.ஐ. கருவி தோன்றுவதற்கு இருபதாண்டுக்கும் முன்னர், ஓடும் நீர்மத்தில் இவ்வொத்ததிர்வைப் பார்த்தவர் அவர். உலகின் ஆய்வுரைகள் இதனைக் குறிப்பிடுகின்றன. நம் பாடநூல்களிலும் இடம்பெற்றால் நன்று. 1960-இல் எர்வின் ஹான் என்பவர் இதே அணுக்கருக்களின் சுழற்சியைக் கொண்டு கடல்நீரின் நகர்வை அளக்கலாம் என்று எழுதினார். 1973-இல் பால் லாட்டர்பர் இவ்வொத்ததிர்வினால் படம் எடுக்க முடியும் என்று காட்டினார். 1980-களின் முற்பகுதியில் ஓட்டமும் படமும் ஒன்றுசேர்ந்தன. மனிதக் குருதியின் வேகம் எம்.ஆர்.ஐ. படத்தில் எண்ணாக வந்தது.

அதன் உட்பொருளை மாணவர்க்காகச் சுருங்கச் சொல்வோம். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் காந்தப் புலத்தில் பம்பரம்போல் தலையாட்டிச் சுழல்கிறது. புலம் வலுத்தால் சுழற்சி விரையும். இப்போது புலத்தை ஒருபக்கம் வலுவாகவும் மறுபக்கம் மெலிவாகவும் நொடிப்பொழுது சாய்த்து, உடனே அச்சாய்வை நேர்மாறாகத் திருப்பிவிட வேண்டும். அசையாது நிற்கும் பம்பரம் முதலில் முந்திய அளவு பின்னர் பிந்தி, கணக்கு நேராகிவிடும். இடம் பெயர்ந்த பம்பரத்துக்கோ கணக்கு நேராகாது. ஒரு மிச்சம் நிற்கும். அந்த மிச்சமே அதன் வேகம். நீளம், அகலம், ஆழம் என மூன்று திசைகளிலும் இவ்வாறு அளந்து, இதயத்துடிப்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே தொகுத்தால், துடிப்போடு சேர்ந்து அசையும் முழு ஓட்டமும் திரையில் தெரியும். காலத்தை நான்காவதாக எண்ணி இதனை நாற்பரிமாண ஓட்டப் படம் என்பர். பத்து முதல் இருபது நிமிடம் அசையாமல் படுத்திருந்தால் போதும். கத்தி இல்லை, எக்ஸ்-கதிர் இல்லை.

இதிலும் ஒரு நுட்பமான இக்கட்டு உண்டு. எவ்வளவு வேகம் வரை அளப்பது என்பதை முன்கூட்டியே கருவியில் குறித்துவிட வேண்டும். அதனை மீறிப் பாயும் குருதி, திரைப்படத்தில் விரைந்தோடும் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல், எதிர்த்திசையில் ஓடுவதாகத் தோன்றும். வரம்பை மிக உயர்த்திவிட்டாலோ பொய்க்குழலில் மெல்ல ஊரும் குருதி இரைச்சலில் மறைந்துபோகும். மெய்க்குழலில் விரைவும் பொய்க்குழலில் மந்தமுமாய் ஒரே நெஞ்சில் இரண்டும் இருப்பதால், இந்நோயில் வரம்பு குறிப்பது படம் எடுப்பவரின் தேர்ச்சியைச் சோதிக்கும். பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடும் என்று எண்ணுவோர்க்காக இதைச் சொன்னோம்.

2012-இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரேச்சல் கிளஃபும் உடனிருந்தோரும் இம்முறையைத் தமனிப் பிளவில் கையாண்டு, பொய்க்குழலில் செல்லும் குருதியின் அளவு, வேகம், திருகிச் சுழலும் தன்மை ஆகியவை தமனி விரியும் வேகத்தோடு தொடர்புடையவை என்று கண்டனர். 2020-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் பர்ரிஸ் குழுவினர் தந்த அளவுகோல், நாம் சொன்ன குளத்துக்கு இன்னும் நெருங்கியது. இதயம் சுருங்கும்போது நுழைவாய் வழியே பொய்க்குழலுக்குள் எவ்வளவு குருதி போகிறது, இதயம் விரியும்போது அதே வாய் வழியே எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்தனர். கலிங்கு சரியாக இருந்தால் போன குருதி கீழே வெளியேறிவிடும். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. மிகுதியும் திரும்புகிறது என்றால் கீழே வழி நெருக்கடியாயிற்று, உள்ளே அழுத்தம் தங்குகிறது என்று பொருள். போனதற்கும் திரும்பியதற்கும் உள்ள விகிதம் உயர்ந்தவர்களுக்கே தமனி விரைந்து வீங்கியது. நேரடியாக அழுத்தத்தை அளக்க உடலுக்குள் குழாயைச் செலுத்தாமல், ஓட்டத்தைப் பார்த்தே அழுத்தத்தை உய்த்துணரும் அறிவு இது. 2022-இல் பார்சிலோனா மருத்துவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்து வெளியிட்ட முடிவும், பொய்க்குழலின் ஓட்டம் பின்னாளைய கேட்டைச் சுட்டுகிறது என்பதே.

இதைக் கேட்டதும் நாளையே எல்லோரும் இப்படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எவரும் புறப்பட வேண்டா. மிச்சிகன் ஆய்வில் இருந்தோர் இருபது பேருக்கும் குறைவு. ஓட்டம் கெட்டதால் வீங்கியதா, வீங்கியதால் ஓட்டம் கெட்டதா என்ற கேள்வியும் முற்றாகத் தீரவில்லை. ஒரு மருத்துவமனையின் கருவி தரும் எண் மற்றொன்றில் அப்படியே வரும் என்பதற்கு உறுதி வேண்டும். உலோக உறைக்குழாய் பொருத்தப்பட்டவர்க்கு அதனருகே படம் கெடும். நாடித் துடிப்பு ஒழுங்கற்றவர்க்குக் கட்டங்களைத் தொகுப்பது கடினம். ஆதலின் இது இன்னும் ஆய்வின் கையிலுள்ள கருவியே. அறுவையை முடிவு செய்யும் கருவியாகவில்லை. எனினும் திசை சரியானது என்றே நாம் கருதுகிறோம்.

ஏன் அவ்வாறு கருதுகிறோம்? 140 நோயாளிகளைக் கொண்டு ஐரோப்பாவில் ஓர் ஒப்பாய்வு நடந்தது. ஒரு பாதியினருக்கு மருந்து மட்டும்; மறுபாதியினருக்கு மருந்தோடு, தொடையின் தமனி வழியே செலுத்தி நுழைவாயை மூடும் உறைக்குழாயும். இரண்டாண்டில் பயன் தெரியவில்லை. 2013-இல் வெளிவந்த ஐந்தாண்டு முடிவில், பெருந்தமனி நோயால் இறந்தோர் உறைக்குழாய் பெற்றவர்களில் 6.9 விழுக்காடு, மருந்து மட்டும் பெற்றவர்களில் 19.3 விழுக்காடு. அப்படியானால் எல்லோருக்கும் உறைக்குழாய் வைத்துவிடலாமே என்று தோன்றும். அதே ஆய்வின் மற்றோர் எண்ணைப் பாருங்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் ஐந்தாண்டில் நோய் முற்றியது 46.1 விழுக்காட்டினருக்கு. எஞ்சியவர்களுக்கு, அதாவது பாதிக்கும் மேற்பட்டோர்க்கு, முற்றவில்லை. உறைக்குழாயின் விலை இலட்சங்களில். வைக்கும்போது பக்கவாதமும் கால்கள் செயலிழத்தலும் நேரக்கூடும். தேவையற்ற ஒருவருக்கு அதை வைப்பதும் தீங்கு, தேவையான ஒருவருக்கு வைக்காமல் விடுவதும் தீங்கு. இன்னாருக்குத் தேவை என்று பிரித்தறியும் கண்தான் இல்லை.

பணமுள்ளவர் இக்கண் இல்லாமலும் ஒருவாறு சமாளிப்பார். ஆறு மாதத்துக்கொரு படம் எடுப்பார், ஓய்வாக இருப்பார், வேண்டுமென்றால் அறுவை செய்துகொள்வார். செங்கற்சூளையில் மண் சுமப்பவரை, சந்தையில் மூட்டை தூக்குபவரை, கட்டட வேலையில் கலவைச் சட்டி ஏற்றுபவரை எண்ணுங்கள். பிளவிலிருந்து தப்பியவர் மூச்சை அடக்கிப் பெரும்பாரம் தூக்கக்கூடாது. தூக்கினால் அந்நொடியில் இரத்த அழுத்தம் கடுமையாக ஏறும். மருத்துவர் அதனைச் சொல்லித்தான் தீர வேண்டும். ஆனால் அச்சொல் இவர்களுக்கு வெறும் அறிவுரையன்று. வேலை நீக்க ஆணை. நூறு பேருக்கும் ஒரே கட்டளையை இடுகிறோம். அவர்களில் யாருக்கு உண்மையில் கரை உடையும் என்று அறியாமல் இடுகிறோம். உன் தமனி நிலைத்து நிற்கிறது, இன்ன அளவு வேலை செய்யலாம் என்று ஒருவருக்கு உறுதியாகச் சொல்ல முடிந்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியும். உன் தமனி விரியப்போகிறது, காத்திராதே என்று இன்னொருவருக்குச் சொல்ல முடிந்தால் ஓர் உயிர் மிஞ்சும். பிரித்தறியும் கருவி ஆடம்பரம், ஏழை நாட்டுக்குப் பொதுவான அறிவுரையே போதும் என்று கற்றவர் சிலர் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். பொதுவான அறிவுரையின் செலவை யார் தலையில் ஏற்றுகிறோம் என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மாணவர்க்கு ஒன்று. இவ்வேலையில் ஈடுபட்டோரைக் கவனியுங்கள். சூரியன் இயற்பியலார், லாப்லாஸ் கணித அறிஞர், ஓட்டப் படங்களைக் கணக்கிடுவோரில் பெரும் பகுதியினர் பொறியியலார். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்று மனமுடையும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. பெருங்குழாய் அறுவையின் வரலாற்றில் விவியன் தாமஸ் என்றொரு கறுப்பின மனிதர் இருந்தார். தச்சு வேலை கற்றவர்; பொருளாதார நெருக்கடியில் சேமிப்பை இழந்து கல்லூரி செல்ல இயலாமற்போனவர். மருத்துவர் பிளேலாக்கின் ஆய்வுக்கூட உதவியாளராய்ச் சேர்ந்து, பெருந்தமனியின் கிளையொன்றை நுரையீரல் தமனியோடு இணைக்கும் அறுவையை ஆய்வு விலங்குகளில் செய்து செம்மைப்படுத்தினார். 1944 நவம்பர் 29-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவ்வறுவை முதன்முதல் ஒரு குழந்தைக்கு நடந்தபோது, அறுவை செய்தவரின் தோளுக்குப் பின்னே முக்காலியில் நின்று வழி சொன்னவர் அவரே. 1976-இல்தான் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வந்தது. முப்பத்திரண்டு ஆண்டு தாமதம் சிறிதன்று.

நிறைவாக, இன்று நம் கைக்கெட்டியவை. நாற்பரிமாணப் படம் வரும்வரை சாதாரண சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யுமே துணை. தமனி பிளந்து பிழைத்தவர் முதல் மாதத்திலும், ஆறாம் மாதத்திலும், ஓராண்டு முடிவிலும், பின்னர் ஆண்டுதோறும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது வகுத்த நெறி. மூன்றாம் மாதத்திலும் எடுக்கச் சொல்வோர் உண்டு. வலி இல்லையே என்று இரண்டாம் படத்துக்கே வராமல் நின்றுவிடுவோர் பலர். விரிவு வலியின்றித்தான் நிகழும். முதன்முதலில் எடுத்த படத்தின் குறுந்தகட்டை மருத்துவமனையில் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. வேறூரில் அடுத்த படம் எடுத்தாலும், ஒரே இடத்தில் ஒரே முறையில் பக்கத்தில் வைத்து அளந்தால்தான் வளர்ச்சி தெரியும். சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை வைத்திருப்போர், எது எது அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்டறிக.

எல்லாவற்றுக்கும் முந்தியது இரத்த அழுத்தம். 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பில் வயதுவந்தோர் மூவரில் ஒருவருக்கு உயர் அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் கீழ் மாத்திரை வீட்டு வாசலுக்கே கொண்டுவரப்பட்டது. அதைக் கொண்டுவரும் பெண்களில் நம் தெருப் பெண்களும் உண்டு. மாத்திரையைப் பெற்று அலமாரியில் வைத்துவிட்டு, தலை சுற்றும் நாளில் மட்டும் ஒன்று போட்டுக்கொள்ளும் பழக்கம் அவர்கள் நன்கறிந்தது. அவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள், திட்டமாட்டார்கள்.

இவ்வுரை முடிந்ததும் பின்புற வராந்தாவில் இரு மேசைகள் போடப்பட்டிருக்கும். முப்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் அங்கே இரு கைகளிலும் அழுத்தம் அளக்கப்படும். ஏன் இரண்டு கையிலும் என்று கேட்பவர்களுக்கு விடை சொல்ல, இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த மாணவர்களே மேசையருகில் நிற்பார்கள். முழுக்கைச் சட்டை அணிந்திருப்போர் கையை மடித்துக்கொண்டு வர வேண்டுகிறோம்.